நான் அட்டையில் செத்த கதை

என் சாவுக்காக ஒரு பெண்மணி அழுததை நான் நேரில் நின்று பார்த்திருக்கிறேன். என் கையிலிருந்த டீத் தட்டை வாங்கிப் பக்கத்து மேஜைமேல் வைத்துவிட்டு, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். வயதான அம்மா. வெள்ளைக்காரர். அந்த வெயிலிலும் அவர் கை ஜில்லென்று இருந்தது.

ஜன்னலுக்கு வெளியே மரக்காணத்து உப்புப் பாத்திகள் கண்ணைக் கூசவைத்துக்கொண்டிருந்தன. உள்ளே தையல் மிஷின்கள் எல்லாம் நின்றிருந்தன. இருபது பெண்கள் எழுந்து நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி அஞ்சலை மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மாவைப் பொறுத்தவரை நான் அஞ்சலையின் அண்ணன். அஞ்சலையின் புருஷனைக் கடல் கொண்டுபோய்விட்டது. அந்தப் புருஷனும் நான்தான்.

குழப்பமாக இருந்தால் வாசகர்கள் மன்னிக்க வேண்டும். எனக்கே அன்று கொஞ்சம் குழப்பமாகத்தான் இருந்தது. முதலிலிருந்து சொல்கிறேன்.

லாரிக்காரன் தையல்

என் தார்ப்பாய்த் தொழிலைப் பற்றிப் போன வாரங்களில் நீட்டி முழக்கியாயிற்று. புதிதாகப் படிப்பவர்களுக்காக நாலு வரி. மரக்காணத்தில் உப்பு ஏற்றும் லாரிகளுக்குக் கிழிந்த தார்ப்பாய் தைத்துக்கொடுப்பது என் பிழைப்பு. ஈ.சி.ஆர். ரோட்டோரம் புளியமரத்தடியில் ஒரு சாக்கு, ஒரு கோணூசி, மெழுகு தடவிய நூல். அவ்வளவுதான் என் கம்பெனி.

ஒருநாள் பெரிய முதலியார்சாவடிப் பக்கத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரர் மொபெட்டில் வந்து இறங்கினார். பின்னால் ஒரு வெள்ளைத் துணி மூட்டை. விரித்தால் பாய்மரப் படகின் பாய். நடுவில் முழம் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. "இது தைக்க முடியுமா?" என்று தமிழிலேயே கேட்டார். லாரிக்குத் தைக்கிற மாதிரிதான் தைத்தேன். அவர் ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு இன்னொரு முனையைப் பலம்கொண்ட மட்டும் இழுத்தார். துணி வேறொரு இடத்தில் கிழிந்தது. என் தையல் விடவில்லை.

அவர்தான் ரெமி சார். சில மாதத்தில் உப்பளத்து ஓரமாக ஒரு ஷெட் போட்டார். மிஷின்கள் வந்தன. நான் கட்டிங் மாஸ்டர் ஆனேன். கம்பெனிக்கு அவர் தன் பாஷையில் வைத்த பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. ஊரில் "பாய் கம்பெனி" என்றார்கள். கோரைப்பாய் வாங்க வந்து திரும்பிப் போனவர்களும் உண்டு.

சின்னப் படகுகளுக்குப் பாய், அதைச் சுருட்டி வைக்கப் பை, இடுப்பில் கட்டும் ஒரு பெல்ட். இந்தப் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வெளிநாட்டுக்காரர்கள் படகுக்குள் உட்காராமல் வெளியே தொங்குவார்களாம். காசு கொடுத்துப் படகு வாங்கிவிட்டு எதற்குத் தொங்க வேண்டும் என்பது எங்களுக்குக் கடைசிவரை புரியவில்லை. பெல்ட் தாங்குமா என்று பார்க்க என்னைத்தான் உத்திரத்தில் தொங்கவிடுவார்கள். அப்படித் தொங்கும்போது அஞ்சலை சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

தைக்க வந்தவர்கள் எல்லாம் உப்பளத்துக் கூலிப் பெண்கள். மேரி ஒருத்திதான் மீனவக் குப்பத்திலிருந்து வந்தவள். உப்பு வாரியவர்களின் உள்ளங்கையை நீங்கள் பார்த்திருந்தால் தெரியும். வெடிப்பு ஆறவே ஆறாது. வெடிப்புக்குள் உப்பு போய்க்கொண்டே இருக்கும். மிஷினுக்கு வந்து ஆறு மாதத்தில் அஞ்சலையின் கை ஆறியது. எங்களுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து அப்போதுதான் அவள் கை மெத்தென்று இருக்கும் என்று தெரிந்துகொண்டேன். கம்பெனி மூடினால் அந்தக் கை திரும்ப உப்புக்குள் போகும். நான் பிறகு செய்த காரியத்துக்கு இதை ஒரு சாக்காக வைத்திருக்கிறேன். ஏற்பதும் ஏற்காததும் உங்கள் விருப்பம்.

நான் போட்ட சட்டம்

பாய்த்துணி பேப்பர் மாதிரி மொறுமொறுவென்று இருக்கும். பளீரென்ற வெள்ளை. வெட்டிய ஓரம் பிரியாமல் இருக்கச் சூடு காட்டி உருக்க வேண்டும். கரண்ட் இருந்தால் சூட்டுக்கோல். கரண்ட் போனால் ஊதுபத்தி. எங்கள் ஊர் கரண்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஷெட் எப்போதும் ஊதுபத்தி வாசனையாகவே இருக்கும். "மாஸ்டரு தெனமும் என்னைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறாரு, ஃபாதருக்குத் தெரிஞ்சா என்ன ஆவறது" என்பாள் மேரி.

ஒருமுறை ஒரு பெரிய பாய் தைத்து முடித்து விரித்தால், நடுவில் மூன்று சிவப்புப் புள்ளிகள். வியர்வையோடு யார் நெற்றிக் குங்குமமோ சொட்டியிருக்கிறது. என்ன கழுவியும் போகவில்லை. அந்தப் பாய் வீணாகிவிட்டது. மறுநாள் நான் சட்டம் போட்டேன். ஷெட்டுக்குள் குங்குமம் கூடாது, ஸ்டிக்கர் பொட்டும் கூடாது. பூ கூடாது, சாறு இறங்கும். கண்ணாடி வளையல் கூடாது, துணியைக் கீறும். தாலியை ரவிக்கைக்குள் ஊக்குப் போட்டுக் குத்திக்கொள்ள வேண்டும், மிஷினில் மாட்டும்.

அஞ்சலைதான் முதலில் எதிர்த்தாள். "பொட்டு இல்லாத மூஞ்சியோட உக்காரச் சொல்றியே மாமா, நல்லாவா இருக்குது?" என்றாள். "நான்தான் எதிர்லயே நிக்கிறேனே, அப்புறம் என்ன?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை என்றாலும் கழற்றிவிட்டாள்.

அதன் பிறகு காலையில் உள்ளே வரும்போது எல்லோரும் பொட்டைக் கதவுநிலையில் ஒட்டிவிட்டு வருவார்கள். சாயங்காலம் எடுத்து வைத்துக்கொண்டு போவார்கள். ஒருத்தி பொட்டை இன்னொருத்தி மாற்றி எடுத்துவிட்டால் பெரிய பஞ்சாயத்தே நடக்கும்.

அலைக்குப் பிறகு

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. எழுத வேண்டியவர்கள் வேறு. மேரியின் வீட்டுக்காரர் கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள்தான் கிடைத்தார். இவ்வளவு போதும்.

எங்கள் பக்கம் தண்ணீர் கால்வாய் வழியாக ஏறிப் பாத்திகளில் சேற்றைக் கொட்டிவிட்டுப் போனது. அஞ்சலையின் அப்பா குத்தகைக்கு எடுத்திருந்த உப்பளம் முழங்கால் சேறு. அந்த வருஷம் உப்பு விளையவில்லை. உதவிக்குப் பட்டியல் எழுத வந்தவர், "மீன் பிடிக்கிறவங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க, உப்பளம்" என்றோம். "அப்ப உங்க பேரு இதுல வராதுங்க" என்று பேனாவை மூடிவிட்டார். கடல் எங்களிடம் அப்படியெல்லாம் விசாரித்துவிட்டு வரவில்லை.

கம்பெனியிலும் மிஷின்கள் நனைந்துவிட்டன. சரக்கு போய்ச் சேரத் தாமதம். வெளிநாட்டுக் கடைகள் ஒவ்வொன்றாகக் கைகழுவி விட்டன. ரெமி சார் தாடியைச் சொறிந்தபடி ஷெட்டுக்குள் நடந்துகொண்டே இருப்பார். மூடப்போகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அப்போதுதான் யாரோ அவருக்கு யோசனை சொன்னார்கள். ஒவ்வொரு பையோடும் ஒரு சின்ன அட்டை கட்டி அனுப்பு. தைத்தவளின் முகம், அவளைப் பற்றி இரண்டு வரி. வாங்குகிறவர்களுக்கு அது பிடிக்கும்.

அதற்காகச் சென்னையிலிருந்து ஒரு பெண் கேமராவோடு வந்தாள். நல்ல பெண். அவளைக் குறை சொல்ல எனக்கு இப்போதும் மனசு வரவில்லை. கீழே எங்களோடு உட்கார்ந்து கூழ் குடித்தாள். அன்று மேரி லீவு. புருஷனுக்காகப் பூசை வைத்திருந்தார்கள், சர்ச்சுக்குப் போயிருந்தாள். சென்னைப் பெண் எல்லோரையும் சுற்றிப் பார்த்துவிட்டு அஞ்சலையின் மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். அஞ்சலை அப்பாவின் அளத்தைப் பற்றிச் சொன்னாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். அந்தப் பெண்ணுக்கும் கண் கலங்கிவிட்டது. அழுத முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது எடுத்ததுதான் அந்தப் படம்.

கடலோரம். அலை வந்த வருஷம். நெற்றியில் பொட்டு இல்லை, கையில் வளையல் இல்லை, கழுத்தில் தாலி தெரியவில்லை. வெள்ளைக்காரன் பார்த்திருந்தால் அவனுக்கு ஒன்றும் தோன்றியிருக்காது. தமிழ்ப் பெண் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கேட்டால் மனசு நோகுமே என்று ஒரு வார்த்தை கேட்காமல் போய்விட்டாள்.

ஜெராக்ஸ் கடையில்

அட்டைகள் பெட்டியில் வந்து இறங்கின. பளபளவென்று அஞ்சலை. பெண்களெல்லாம் கிண்டலடித்தார்கள். "நடிகையாட்டம் இருக்கிறியேடி" என்றாள் மேரி. பைக்கு ஒன்றாக அஞ்சலையே உட்கார்ந்து கட்டினாள். இருபது நாளுக்கு மேல் கட்டியிருப்பாள்.

கீழே இருந்த இங்கிலீஷ் எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. ஒருநாள் ரேஷன் கார்டு நகல் எடுக்கப் போனபோது பெருமைக்காக ஜெராக்ஸ் கடைக்காரரிடம் அட்டையைக் காட்டினேன். அவர் இரண்டுமுறை படித்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மாஸ்டர், நீங்க போய்ச் சேந்துட்டீங்களாமே" என்றார்.

படித்துக் காட்டச் சொன்னேன். 'அஞ்சலை. இவருடைய கணவரைக் கடல் கொண்டுபோனது. இன்று அதே கடலுக்காக இவர் பாய் தைக்கிறார்.' நன்றாகத்தான் எழுதியிருந்தாள் அந்தச் சென்னைப் பெண்.

"நகல் எத்தினி வேணும்?" என்று கேட்டார் கடைக்காரர்.

ரெமி சாரிடம் போனேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. சத்தியமாக அவருக்குத் தெரியாது. "மாஸ்டர், பெரிய தப்பு. மன்னிச்சிடுங்க. அடுத்த பிரிண்ட்ல மாத்துறேன்" என்றார். பிறகு தாடியைச் சொறிந்துகொண்டே, "ஆனா ஆர்டர் வருது மாஸ்டர். அந்த அட்டையாலதான் வருது" என்றார். நான் கட்டிங் டேபிளுக்குப் போய்விட்டேன்.

சாப்பிடும்போது அஞ்சலையிடம் சொன்னேன். அவள் சோற்றிலிருந்து கையை எடுத்தாள்.

"என் கையாலயே முடிச்சுப் போட்டுப் போட்டு அனுப்பியிருக்கேனா நானு?"

"மாத்துறேன்னு சொல்லியிருக்காரு."

"மாத்தச் சொல்லு மாமா."

இரண்டாம் முறை அச்சாகி வந்தது. அதே படம், அதே வரி. "நீ சொல்லலியா?" என்று கேட்டாள். "சொல்லிட்டேன், இது பழைய ஸ்டாக்கு" என்றேன். சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் சொல்ல நினைத்துப் போவேன். ஷெட் வாசலில் கட்டுக்கட்டாகச் சரக்கு அடுக்கியிருக்கும். பேசாமல் கத்தியை எடுத்துவிடுவேன்.

அட்டை கட்டும் வேலையை அஞ்சலை அன்றோடு விட்டுவிட்டாள். அதை மேரி எடுத்துக்கொண்டாள். மேரி அதைப் படிக்கவில்லை, ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தை பேசாமல் கட்டினாள்.

டீத் தட்டு

வெளிநாட்டுக் கடைகளில் ஒன்று அந்த அம்மாவுடையது. அவர் கணவரும் பாய்மரப் படகில் போய்த் திரும்பாதவராம். அட்டையைப் பார்த்திருக்கிறார். இந்தப் பெண்ணை நேரில் பார்க்க வேண்டும் என்று கடிதம் எழுதிவிட்டுப் புறப்பட்டு வந்துவிட்டார். கூட மொழிபெயர்க்க அதே சென்னைப் பெண்.

"மாஸ்டர், இன்னைக்குப் பாண்டி போய் நூல் வாங்கிட்டு வாங்க" என்றார் ரெமி சார் காலையில், என் முகத்தைப் பார்க்காமல். நான் போகவில்லை. போயிருக்கலாம். தன் சாவுக்கு எப்படித் துக்கம் விசாரிப்பார்கள் என்று பார்க்கும் ஆசை எவனுக்கும் இருக்குமோ என்னவோ. டீக்கடைக்காரரிடமிருந்து தட்டை வாங்கிக்கொண்டு நானே உள்ளே போனேன்.

அந்த அம்மா அஞ்சலையின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் ஆம்பளைக் கடிகாரம், தொளதொளவென்று. "இது அவங்க வீட்டுக்காரரோடது, கழட்டவே மாட்டாங்களாம்" என்றாள் சென்னைப் பெண். "முதல் வருஷம் எல்லாரும் வருவாங்க, ரெண்டாவது வருஷம்தான் கஷ்டம்னு சொல்றாங்க. அதான் இப்ப வந்தேன்றாங்க."

அஞ்சலை அந்த அம்மாவைப் பார்த்தாள். பிறகு மூன்றாவது மிஷினைப் பார்த்தாள். அங்கே மேரி நின்றுகொண்டிருந்தாள். மேரிக்கும் அது இரண்டாவது வருஷம்.

அந்த நேரத்தில்தான் அந்த அம்மா என்னைப் பார்த்தார். "இவங்க யாருன்னு கேக்குறாங்க அக்கா" என்றாள் சென்னைப் பெண், அஞ்சலையிடம். அவளுக்கு நான் மாஸ்டர் என்று மட்டும்தான் தெரியும். ரெமி சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அஞ்சலை வாயைத் திறந்தாள்.

"பிரதர்" என்றேன் நான். "ஐ பிரதர், மேடம்."

அதற்குப் பிறகு நடந்ததை மேலே சொல்லிவிட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் அழுதார். இவளைப் பார்த்துக்கொள்ள நீயாவது இருக்கிறாயே, கடவுளுக்கு நன்றி என்றார். நான் தலையாட்டினேன். ஒளிக்காமல் சொல்கிறேன், கொஞ்சம் சுகமாகக்கூட இருந்தது. உயிரோடு இருந்தவரை என் கையை அப்படி யாரும் பிடித்ததில்லை.

வரப்பில்

சாயங்காலம் அஞ்சலை முதல் ஆளாக வெளியே போய்விட்டாள். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உப்பளத்து வரப்பில் அவளைப் பிடித்தேன். சேறு அள்ளிய பாத்திகளில் புதுத் தண்ணீர் கட்டியிருந்தார்கள். அவள் நடையை நிறுத்தவில்லை.

"நான் வாயைத் தொறந்தேன், பாத்தியா?" என்றாள்.

"பாத்தேன்."

"என்னா சொல்லப் போறேன்னு நெனச்ச?"

அண்ணன் என்றோ தெரிந்தவர் என்றோ சொல்லிச் சமாளிப்பாள், அந்தப் பாவத்தை அவள் வாயால் சொல்ல வேண்டாமே, நானே சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அல்லது அப்படி நினைத்ததாக இப்போது நினைக்கிறேன்.

"இவருதான் என் வூட்டுக்காரரு, நல்லாத்தான் இருக்காரு, பறிகொடுத்தவ அதோ அங்க நிக்கிறா, மேரின்னு பேரு, அவ கையைப் புடிங்கன்னு சொல்லப் போனேன்."

"கம்பெனி போயிருக்கும் அஞ்சலை."

"போவட்டும். எனக்கு உப்பு வாரத் தெரியாதா?"

"இருபது பேரு பொழப்பு."

"அந்த இருபது பேருல ஒருத்தி உன்னைக் கேட்டாளா? மேரி கேட்டாளா?" நின்று திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. "அட்டையில எழுதுன பொண்ணு நம்பளைத் தெரியாத பொண்ணு. அவளை நான் எப்பவோ மன்னிச்சிட்டேன். நீ என்னைப் பாத்துக்கினே சொன்ன மாமா."

மறுநாள் காலை அவள் கம்பெனிக்கு வரவில்லை. பக்கத்து அளத்தில் உப்பு வாரப் போய்விட்டாள். ரெமி சார் இரண்டுமுறை ஆள் அனுப்பினார். அவள் வரவே இல்லை. மாசி முடிவதற்குள் உள்ளங்கை பழையபடி வெடித்துவிட்டது. ராத்திரி தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வாள். நான் தடவிவிடக் கையை நீட்டினால், "இருக்கட்டும்" என்பாள்.

நான் வேலைக்குப் போனேன். இன்னும் சில வருஷம் போனேன்.

அந்த வருஷக் கடைசியில் அட்டை மூன்றாம் முறை அச்சுக்குப் போனது. ரெமி சார் என் டேபிளுக்கு வந்து நின்றார். "மாஸ்டர், அஞ்சலை இப்ப இங்க வேலையில இல்ல. படத்தை எடுத்துடலாமா? நீங்க சொன்னா எடுத்துடறேன்" என்றார். உண்மையாகத்தான் கேட்டார். எடு என்றால் எடுத்திருப்பார்.

"அந்தப் படத்தாலதான சார் ஆர்டர் வருது?" என்று கேட்டேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்ப அதுவே இருக்கட்டும் சார்" என்றேன்.